விசுவாசிக்கிறேன் என்று சொல்பவர்கள் உண்மையில் எதை நம்புகிறார்கள்?

கேள்வி இதுதான்: "ஞாயிறுதோறும் எழுந்து நின்று விசுவாசப்பிரமாணத்தை (சபையின் நம்பிக்கைகளைச் சுருக்கிச் சொல்லும் அறிக்கை) 'விசுவாசிக்கிறேன்' என்று சொல்கிற கிறிஸ்தவர்களிடம் தனியாக உட்கார்ந்து பேசிப் பார்த்தால், சொன்னதில் பாதியைக்கூட அவர்கள் நம்பவில்லை என்று தெரிகிறது. அப்படியானால் இவர்கள் பொய் சொல்கிறார்களா? நம்பாத ஒன்றை வாய்விட்டுச் சொல்வது தவறில்லையா?"

பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பொய் சொல்வதற்குக்கூட, தான் என்ன நம்புகிறோம் என்பது முதலில் தனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் பார்த்தவரை பெரும்பாலானவர்கள் அந்த அளவுக்கு உள்ளே போய்ப் பார்த்ததே கிடையாது. இறையியல் படித்துவிட்டுப் பெரியவர்களுக்கான வேதபாட வகுப்பை ரொம்ப வருடம் நடத்தியவன் நான். என் முதல் வகுப்பு எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும். ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்து, திரித்துவம் (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பது) என்றால் என்ன என்று பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் நாலு வரி எழுதச் சொல்வேன். பெயர் போட வேண்டாம் என்றும் சொல்லிவிடுவேன். தாள்களைத் திரும்ப வாங்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே உதாரணம் இருக்கும்: தண்ணீர், பனிக்கட்டி, நீராவி. ஒரே பொருள், மூன்று நிலை. சிலர், ஒரே ஆள் வீட்டில் அப்பா, அலுவலகத்தில் மேலாளர், தன் அப்பாவுக்கு மகன் என்று எழுதுவார்கள். இரண்டுமே மூன்றாம் நூற்றாண்டில் சபெல்லியுஸ் என்பவர் பெயரில் திருச்சபை தள்ளிவைத்த போதனை! ஒரே கடவுள் மூன்று வேடம் போடுகிறார் என்பதுதான் அது. எழுதியவர்கள் ஞாயிறு பள்ளியிலிருந்து சபையில் வளர்ந்தவர்கள், சிலர் அங்கே பாடம் நடத்துகிறவர்கள். அவர்களில் ஒருவரும் பொய் சொல்லவில்லை.

இது என் வகுப்பின் கோளாறு மட்டும் இல்லை. அமெரிக்காவில் லிகோனியர் அமைப்பும் லைஃப்வே ஆய்வுப் பிரிவும் சேர்ந்து எடுக்கும் கணக்கெடுப்பில், 2022இல், வேதத்தின் மேல் ரொம்பப் பற்றுள்ளவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களில் 43 சதவீதம் பேர் "இயேசு நல்ல போதகர், ஆனால் கடவுள் அல்ல" என்பதை ஒப்புக்கொண்டார்கள். "கடவுள் படைத்தவர்களில் முதலும் பெரியவரும் இயேசு" என்ற வாக்கியத்துக்கு 73 சதவீதம் பேர் ஆமாம் போட்டார்கள். கடைசியில் சொன்னது அப்படியே நான்காம் நூற்றாண்டில் ஆரியுஸ் என்ற குரு கொடுத்த போதனை. அதை மறுக்கத்தான் 325இல் நிசேயா என்ற ஊரில் ஆயர்களை ஒரே இடத்தில் கூட்டி, "ஜெநிப்பிக்கப்பட்டவர், படைக்கப்பட்டவர் அல்ல" என்று எழுதி வைத்தார்கள். அந்த வரியை ஏற்றுக்கொள்கிற சபைகளின் ஆட்கள்தான், கருத்துக்கணிப்பில் அதற்கு நேர் எதிரானதற்கும் ஆமாம் சொல்கிறார்கள். (வாக்கியம் பக்தியாக ஒலித்தால் ஆமாம் போட்டுவிடுவது மனித சுபாவம். அதனால் இந்த எண்களில் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். முழுக்கக் கழிக்க முடியாது.)

கத்தோலிக்கர் பக்கம் இன்னும் தெளிவான கணக்கு இருக்கிறது. 2019இல் பியூ ஆய்வு மையம், நற்கருணைச் சடங்கில் அப்பமும் திராட்சை இரசமும் உண்மையிலேயே கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறுகின்றனவா என்று அமெரிக்கக் கத்தோலிக்கர்களிடம் கேட்டது. ஆம் என்றவர்கள் 31 சதவீதம். மீதிப் பேருக்கு அது அடையாளம் மட்டுமே. தலைப்புச் செய்தியானது இந்த எண்தான். எனக்குச் சுவாரசியமானது அதற்குள் இருந்த இன்னொரு எண்: திருச்சபை என்ன போதிக்கிறது என்று தெரிந்தும் ஏற்காதவர்கள் 22 சதவீதம் மட்டுமே. 43 சதவீதம் பேர், அடையாளம் என்பதுதான் திருச்சபையின் போதனை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்! இவர்களைப் போய் வேடதாரிகள் என்று சொல்ல முடியுமா? தங்கள் வீட்டுப் பத்திரத்தை ஒருமுறைகூடப் பிரித்துப் படிக்காதவர்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

"அப்படியானால் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும்" என்பார்கள் போதகர்கள். புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரும் அப்படித்தான் நினைத்தார். 1528 வாக்கில் ஜெர்மனியின் சாக்சனியில் சபை சபையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், கிராமத்து மக்களுக்குக் கிறிஸ்தவ போதனை என்றால் என்னவென்றே தெரியவில்லை, பல குருமாருக்குச் சொல்லிக்கொடுக்கவே வரவில்லை, ஞானஸ்நானம் மட்டும் பெற்றுக்கொண்டு ஆடுமாடுகளைப்போல் வாழ்கிறார்கள் என்று நொந்துபோய் எழுதினார். மறுவருடமே கேள்வி பதில் வடிவில் சின்ன ஞானோபதேசத்தை எழுதி வெளியிட்டார். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்துப் பார்வையிடப் போனவர்களின் அறிக்கைகளிலும் அதே புலம்பல்தான்: வாய் ஒப்பிக்கிறது, பொருள் கேட்டால் முழிக்கிறார்கள். முன்பெல்லாம் எல்லாரும் உறுதியாக நம்பினார்கள், இந்தக் காலத்தில்தான் கெட்டுப்போயிற்று என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை. இத்தாலியின் ஃபிரியுலி பகுதியில் மெனோக்கியோ என்று ஒரு மாவு மில்காரர் இருந்தார். பாலிலிருந்து பாலாடைக்கட்டி திரள்வதுபோல உலகம் திரண்டது, அதில் புழு தோன்றுவதுபோல தேவதூதர்கள் தோன்றினார்கள் என்று 1584இல் திருச்சபை விசாரணையில் நின்று சொன்னவர். இரண்டாவது முறை 1599இல் பிடித்தார்கள், அப்புறம் விடவில்லை, கொன்றுவிட்டார்கள். பிடிபட்டதால் இவர் மனதில் இருந்தது நமக்குத் தெரிந்தது. அதே கோவிலில் வாயைத் திறக்காமல் நின்றவர்கள் மனதில் என்ன இருந்தது என்பதை யார் கண்டார்கள்?

சரி, தெரியாமை ஒரு பக்கம். தெரிந்திருந்தும் நடக்கிற ஒன்று உண்டு, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

அடக்க ஆராதனைக்குப் போயிருப்பீர்கள். குழியருகே போதகர், கடைசி எக்காளம் தொனிக்கும்போது மரித்தவர்கள் அழியாதவர்களாய் எழுந்திருப்பார்கள் என்று பவுலின் நிருபத்திலிருந்து வாசிப்பார். எல்லாரும் ஆமென் சொல்வார்கள். அரைமணி நேரம் கழித்து வெளியே நின்று பேசுகிறவர்களைக் கவனியுங்கள். "இந்த உடம்பு வெறும் கூடுதானே, ஆத்துமா பறந்துபோய்விட்டது." "மேலே இருந்து நம்மையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்." குழந்தை இறந்த வீடானால், "கடவுளுக்கு இன்னொரு தேவதூதர் வேண்டியிருந்தது." மனிதர் செத்தால் தேவதூதர் ஆவார் என்று பாரம்பரியச் சபைகள் எதன் போதனையிலும் கிடையாது. உடம்பு வெறும் கூடு என்பதோ, அவர்கள் வாராவாரம் சொல்லும் "சரீரம் உயிர்த்தெழுதலும் உண்டென்று விசுவாசிக்கிறேன்" என்பதற்கு நேர் எதிர். ஆத்துமா இப்போது கிறிஸ்துவோடு இருக்கிறது, உடலோடு எழுவது பிற்பாடு என்று இரண்டையும் பொருத்திக் காட்ட இறையியலில் வழி உண்டு. நான் சொல்வது, அந்தப் பிற்பாடு என்கிற பாதி ஆறுதல் சொல்பவர்கள் பேச்சிலிருந்து எங்கோ நழுவிவிட்டது என்பதைத்தான். அதை யாரும் மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூட யோசித்தார்கள் என்று அர்த்தம். அது வெறுமனே புழங்காமல் கிடக்கிறது.

இப்படிப் புழங்காமல் கிடப்பதைச் சோதனை செய்தே பார்த்திருக்கிறார்கள். ஜஸ்டின் பாரெட், ஃபிராங்க் கீல் என்ற இருவர் 1996இல் வெளியிட்ட ஆய்வு அது. கடவுள் ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் இருப்பவர், எத்தனை காரியத்தையும் ஒருசேரக் கவனிப்பவர் என்று கேள்வித்தாளில் தயங்காமல் எழுதியவர்களிடம் ஒரு சின்னக் கதையைக் கொடுத்தார்கள். ஆற்றில் நீந்தும் பையனின் கால் பாறைகளுக்கு நடுவில் சிக்கிக்கொள்கிறது, அவன் ஜெபிக்கிறான், கடவுள் அப்போது உலகத்தின் வேறொரு பக்கத்தில் இன்னொருவருடைய ஜெபத்துக்குப் பதில் கொடுத்துக்கொண்டிருக்கிறார், சீக்கிரமே ஒரு பாறையைத் தள்ளி இவனை விடுவிக்கிறார். பிறகு கதையில் என்ன இருந்தது என்று கேட்டால், நிறையப் பேர் நினைவில் கடவுள் முதலில் அந்த வேலையை முடித்துவிட்டு, அப்புறம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார். வரிசையில் ஆட்களை நிறுத்திவைத்துக் கவனிக்கும் குமாஸ்தாவைப்போல. கதையின் வாசகமே கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்கிறது என்பது என் குறை. ஆனாலும் விஷயம் பிடிபடுகிறது: கேள்வித்தாளுக்கு ஒரு கடவுள், யோசிக்க நேரமில்லாதபோது வேறொரு கடவுள். நம் ஜெபங்களையே பாருங்களேன். தேர்வுக்குப் போகும் பிள்ளைக்கு "படித்ததெல்லாம் நினைவுக்கு வரட்டும்" என்று ஜெபிக்கிறோம். கொடுத்துவிட்டு வந்த விடைத்தாளில் தப்பான விடைகள் தானாகத் திருத்தப்படட்டும் என்று ஜெபிப்பதில்லை. சர்வவல்லமையுள்ளவருக்கு இரண்டும் ஒன்றுதானே? எது நடக்கும், எது நடக்காது என்று நமக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. அந்தக் கணக்கைப் போடுவது விசுவாசப்பிரமாணம் அல்ல.

நரகத்துக்கும் இதே கதிதான். பியூ மையம் 2021இல் கேட்டபோது அமெரிக்கர்களில் 73 சதவீதம் பேர் பரலோகம் உண்டு என்றார்கள், நரகம் உண்டு என்றவர்கள் 62 சதவீதம். பரலோகத்தைவிட நரகத்துக்கு ஆள் குறைவு, அதில் ஆச்சரியமில்லை. 62 சதவீதத்திலும் எத்தனை பேர் அதை நம்புகிறவர்கள்போல் வாழ்கிறார்கள் என்பதுதான் என் சந்தேகம். விசுவாசிக்காதவர்களுக்கு முடிவில்லாத தண்டனை என்று மனதார நம்புகிற ஒருவருக்கு, விசுவாசத்தை விட்டுப்போன சொந்தத் தம்பி ஒருவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து அறையில் தீப்பிடித்தால் அவனை எழுப்ப இவர் கதவை உடைப்பார். நித்திய அக்கினி என்று வரும்போதோ, பண்டிகைக்குக் கூடும்போது பேச்சைத் தொடங்கினால் மனஸ்தாபம் வரும் என்று வாயை மூடிக்கொண்டு சாப்பாட்டைப் பரிமாறுகிறார், ராத்திரி நன்றாகத் தூங்கவும் செய்கிறார். அவரிடம் நரகம் உண்டா என்று கேட்டால் சத்தியமாக உண்டு என்பார். தம்பி அங்கே போவானா என்று கேட்டால், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதெல்லாம் ஆண்டவர் கையில்" என்பார். அந்த "ஆண்டவர் கையில்" என்பதுதான் அவருடைய நிஜமான நம்பிக்கை என்று நினைக்கிறேன். அவர் சபையின் கோட்பாட்டைவிட அது எவ்வளவோ மேல் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

இங்கே ஒரு கூட்டம் குறுக்கே வரும்: "பார்த்தீர்களா, உள்ளுக்குள் ஒருத்தரும் நம்புவதில்லை!" நீல் வான் லூவன் என்ற தத்துவவாதி 2014இலிருந்து ஏறக்குறைய இதைத்தான், ஆனால் நிதானமாக, சொல்லிவருகிறார். பாலம் உடைந்திருக்கிறது என்று நம்பினால் எந்த நேரத்திலும் எந்த இடத்திலும் அதில் காலை வைக்க மாட்டோம். சமய நம்பிக்கை அப்படியல்ல, அதற்கு நேரமும் இடமும் உண்டு, ஆராதனையில் விழித்துக்கொள்ளும், அலுவலகத்தில் தூங்கும் என்கிறார். பெரும்பகுதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டான்யா லூர்மன் என்ற மானுடவியலாளர், கடவுளின் குரலைக் கேட்பதாகச் சொல்லும் வின்யார்ட் சபையாரோடு பல வருடம் பழகி 2012இல் எழுதியதைப் படித்தால் இன்னொரு பக்கம் தெரியும். கடவுளோடு உட்கார்ந்து பேசுவதற்காக இரண்டாவது கோப்பையில் காப்பி ஊற்றி எதிரே வைக்கிறவர்கள் அவர்கள். விளையாட்டுபோல இருக்கிறது, அவர்களுக்கும் அது தெரியும், வெட்கமாகக்கூட இருக்கும். அப்படியும் வைக்கிறார்கள். நம்பிவிட்டவர்களுக்கு எதற்கு அந்தக் கோப்பை? கண்ணுக்குத் தெரியாத ஒருவரை மெய்யாக உணர்வது தானாக வருவதில்லை, அதற்காகத் தினமும் பாடுபட வேண்டியிருக்கிறது. அறிக்கைக்கும் மனதுக்கும் நடுவே இடைவெளி இருப்பதை வெளியே நிற்கிற நம்மைவிட அவர்கள் நன்றாக அறிந்தவர்கள். (எதிர்ப்பக்கத்திலும் இடைவெளி உண்டு. பின்லாந்தில் 2014இல் வெளியான ஓர் ஆய்வில், கடவுளே இன்னாருக்குத் தீங்கு செய் என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னபோது நாத்திகர்களுக்கும் பக்தர்களைப்போலவே கை வியர்த்தது.)

இப்போது அந்த வார்த்தைக்கு வருகிறேன். தமிழில் கிறிஸ்தவர்களுக்கு வெளியே "விசுவாசம்" என்றால் என்ன? நாய்க்கு விசுவாசம் உண்டு என்கிறோம். முதலாளிக்கு விசுவாசமான ஆள் என்கிறோம். முதலாளி சொல்கிற ஒவ்வொன்றும் உண்மை என்று அந்த ஆள் கருதுகிறார் என்றா அர்த்தம்? விட்டுப் போக மாட்டார் என்று அர்த்தம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான பிஸ்டிஸ் என்பதிலும் இந்த இரண்டும் சேர்ந்தே கிடக்கின்றன: ஒன்றை மெய் என்று ஏற்பது, ஒருவர்மேல் உண்மையாய் இருப்பது. நாம் கேட்பது முதல் அர்த்தத்தில், அவர்கள் சொல்வது பெரும்பாலும் இரண்டாவது அர்த்தத்தில். "சரீரம் உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறேன்" என்று ஒரு பாட்டி சொல்லும்போது அவர் உடற்கூறு பற்றி எதுவும் சொல்லவில்லை. நான் இந்தக் கூட்டத்து ஆள், இவர்கள் போகிற வழியில் போகிறவள் என்கிறார். வாரம் தவறாமல் கோவிலுக்குப் போவதாக அமெரிக்கர்கள் சொன்னதையும் நிஜமாக வந்தவர்களின் எண்ணிக்கையையும் 1993இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, வந்தவர்கள் சொன்னதில் கிட்டத்தட்ட பாதிதான் இருந்தார்கள். அதுவும் இதே சமாச்சாரம்தான். போன ஞாயிறு போனாயா என்று கேட்டால், நான் கோவிலுக்குப் போகிற ஜாதி என்று பதில் வருகிறது.

நம்புகிறார்கள், ஆனால் செய்வதில்லை என்கிற குறை வேறு. அதையும் இதோடு போட்டுக் குழப்பக்கூடாது. 1973இல் வெளியான பிரின்ஸ்டன் சோதனை பிரபலம். இறையியல் மாணவர்கள் 40 பேரை ஒரு கட்டிடத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினார்கள், வழியில் ஒருவன் முனகிக்கொண்டு சரிந்து கிடந்தான். நேரம் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் ஏதாவது உதவினார்கள், தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம். அந்த மாணவர்களில் பாதிப் பேர், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதையைப் பற்றிப் பேசத்தான் போய்க்கொண்டிருந்தார்கள்! பேசப்போகிற தலைப்பால் பெரிய வித்தியாசம் ஒன்றும் ஏற்படவில்லை. அவர்களுக்கு நம்பிக்கை இல்லை என்று இதிலிருந்து சொல்ல முடியாது, அவசரம் இருந்தது, அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. சாதாரண சபையாருக்கு இருக்கிற இந்த இடைவெளி, மேடையில் நிற்பவருக்கும் இருக்கும்போது, அதை மறைத்துக்கொண்டு அடுத்தவரின் விசுவாசத்தை அளக்கிறாரே, அங்கேதான். எனக்குத் தெரிந்த போதகர் ஒருவர், உலகப் படைப்பைச் சொல்லும் ஆதியாகமத்தை எழுத்துக்கு எழுத்து நம்பாதவர், என்னிடம் தனியாக அப்படியே சொன்னவர், அதே விஷயத்தைக் கேள்வி கேட்ட கல்லூரிப் பையனை எல்லார் முன்னாலும் "விசுவாசக் குறைவு" என்று உட்காரவைத்தார். அந்தப் பையன் திரும்ப வரவில்லை. இவரோடு ஒப்பிட்டால் டென்மார்க்கில் தாபெக் சபையின் போதகராயிருந்த தோர்க்கில் குரோஸ்பெல் மேல் எனக்கு மரியாதை அதிகம். உலகைப் படைத்துப் பராமரிக்கும் கடவுளை நான் நம்பவில்லை என்று 2003இல் வெளிப்படையாகச் சொன்னார். மேலிடம் அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தது. சபையாரில் பலர் அவர் பக்கம் நின்றார்கள். பிறகு தன் உறுதிமொழியைப் புதுப்பித்துவிட்டு வேலைக்குத் திரும்பினார். அந்த உறுதிமொழியை அவர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் நம்பவில்லை என்பதை வெளியே சொல்லிவிட்டாவது சொன்னார்.

கடைசியாக, நம்பாத வரியைச் சொல்வது தவறா என்று கேட்டிருந்தீர்கள். மாற்கு சுவிசேஷத்தில், பிள்ளைக்காக இயேசுவிடம் வந்த ஒரு தகப்பன் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறான், அவன் பிள்ளை குணமாகிறது. முதலில் சரியாக நம்பிவிட்டு வா என்று யாரும் அவனைத் திருப்பி அனுப்பவில்லை. அதனால் சொல்லலாம் என்பது என் பதில். சொல்லப் பிடிக்காவிட்டால் அந்த ஒரு வரிக்கு வாயை மூடிக்கொள்ளவும் செய்யலாம், பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லிக்கொண்டிருப்பார்கள், அடுத்த வரியில் சேர்ந்துகொள்ளலாம். நானும் அப்படி ஒரு வரியில் நின்றுகொண்டிருந்தேன், நாலைந்து வருடம். இப்போது அதைச் சொல்கிறேன், வேறொரு வரியில் நிற்கிறேன்.